குளிகையை விழுங்கிய அம்மை

(வடசேரியில் நடந்த ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



என் அம்மை பீடி, சிகரெட்டைத் தொட்டவரில்லை. கொதும்பும் சிரட்டையும் எரித்து 40 ஆண்டுகள் அடுக்களையில் நின்றவர். கனகமூலம் சந்தைக்கு நடந்துபோய்த் திரும்புவதற்குள் இரண்டு இடத்தில் உட்காருவார். கேட்டால், "வயசானா இளைக்கத்தானே செய்யும், மக்களே" என்பார். நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம்.

பிறகு ஒரு மருத்துவமனையில் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதமாகியும் குணமில்லை. பார்த்தால், அம்மை அந்தக் குளிகைகளைத் தினமும் வெந்நீரில் விழுங்கியிருக்கிறார்! உறிஞ்சும் கருவி பெட்டிக்குள்ளேயே கிடந்தது. யாரும் செய்து காட்டவில்லை. பி.எட். படித்த நானும் ஒருநாள்கூடப் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை.

ஆசாரிபள்ளம் போகலாம் என்றபோது வர மறுத்தார். அரசு மருத்துவக் கல்லூரி வருமுன் அங்கே காசநோய் மருத்துவமனை இருந்ததல்லவா, பழைய ஆட்களுக்கு அந்தப் பயம் போகவில்லை. ஒருவழியாகக் கூட்டிப்போனேன். ஸ்பைரோமெட்ரி கருவியில் ஊதச் சொன்னார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பின்பும், ஊதும் மொத்தக் காற்றில் முதல் ஒரு நொடியில் 70 சதவீதம்கூட வெளியே வராவிட்டால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். அம்மைக்கு வரவில்லை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சி.ஓ.பி.டி.

கெட்டுப்போன நுரையீரல் பழையபடி ஆகாது. ஆனால் மூச்சுக்குழாயை விரித்து வைக்க முடியும். அதற்குத்தான் இன்ஹேலர். "பழகிவிடும்", "அது கடைசி மருந்து" என்பதெல்லாம் வீண்பேச்சு. குளிகைக் கருவியில் வேகமாக, ஆழமாக உறிஞ்ச வேண்டும். அழுத்தும் இன்ஹேலரில் நேர்மாறு. மெதுவாக இழுக்க வேண்டும். கை ஒத்துழைக்காதவர்களுக்கு ஸ்பேசர் உண்டு. எதுவானாலும் பத்து நொடி மூச்சை அடக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்ததென்றால் வாய் கொப்பளிக்க வேண்டும். இல்லாவிட்டால் வாய்ப்புண் வரும்.

மருந்து மட்டும் போதாது. புகை பிடிப்பவர் நிறுத்தியே ஆகவேண்டும். அடுக்களையில் விறகு போய் கேஸ் வரவேண்டும். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மூச்சு முட்டும்போது மூக்கால் இழுத்து, சூடான கஞ்சியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து நிதானமாக விட வேண்டும். அம்மைக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது, காசில்லாத வைத்தியம் என்பதால்.

சுவாச மண்டலப் பாடம் நடத்தும்போது இன்ஹேலரை வகுப்புக்கு எடுத்துப்போய்ச் செய்து காட்டினேன். மறுநாள் ஒரு பையன் வந்து, "சார், எங்க ஆச்சியும் முழுங்கத்தான் செய்யுது" என்றான். அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போனேன்.