புற்றுநோயும் மருத்துவ மாணவரும்

மருத்துவம் பயிலும் மாணவர் நூலிலிருந்து கற்பது ஒன்று. நோயுற்றவர் வாயிலிருந்து கேட்டுக் கற்பது மற்றொன்று. எல்லா நோய்களுக்கும் இது பொருந்தும். எனினும் புற்றுநோயைப் பொறுத்தவரையில், இரண்டாவது கல்வி குறைவுபடுமாயின் முதலாவது கல்வி பெரும்பாலும் பயனற்றுப் போகின்றது.

இவ்வுண்மையை யாழ்ப்பாணத்திலே நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்தவர் ஒருவர் இருந்தார். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே வைத்தியசாலை நடத்தி, மாணவர்க்கு மேனாட்டு வைத்தியத்தைப் போதித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் போதித்த அவர், பின்னர் தமிழிலேயே போதிக்கத் துணிந்தார். தமிழிற் கற்றவர் உத்தியோகத்தை நாடி வெளியூர் செல்லாது தம் ஊராரிடையே தங்கித் தொண்டாற்றுவர் என்பது அவர் எண்ணம். அதன்பொருட்டு 1867இல் 'இரண வைத்தியம்' என்னும் நூலும், 1872இல் கிறேயின் உடற்கூற்று நூலின் தமிழாக்கமாகிய 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் நூலும் அவரது முயற்சியால் வெளிவந்தன.

1978இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலே கல்வி ஆங்கிலத்தில் நடைபெறுகின்றது. உலகெங்கும் நிகழும் ஆராய்ச்சிகளை அறிய அது வேண்டியதே. சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவரும் அங்கே பயில்கின்றனர். ஆயின் கட்டிலிற் படுத்திருக்கும் முதியவர் பேசுவது யாழ்ப்பாணத்துத் தமிழ். அந்தத் தமிழிலேதான் நோயின் முதற் குறிப்பு அடங்கியிருக்கின்றது.

வாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் இது முதன்மையானது. வெற்றிலையோடு பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்த்து மெல்லும் வழக்கம் இதற்குப் பெருங்காரணம். புகையிலை சேராவிடினும் பாக்கு ஒன்றே புற்றுநோய் விளைக்க வல்லது என்பதை, உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் வெளியிட்ட நூல் எடுத்துரைத்தது. பாக்கு மெல்வோரது கன்னத்தின் உட்புறம் நாளடைவில் இறுகி, வாயைத் திறக்க இயலாத நிலை உண்டாகும். அதற்கு முன்னரே வாயில் எரிவு தோன்றும். நூலிலே 'எரிவுணர்ச்சி' என்று மாணவர் கற்பது இதனையே. நோயாளியோ, "இப்ப கொஞ்ச நாளாய் உறைப்புத் தாங்கேலாமக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். கறியின் காரத்தைப் பற்றிய முறைப்பாடு என்று மாணவர் அதனை விட்டுவிடலாகாது. உடனே வாயைத் திறக்கச் செய்து, வெற்றிலையை அடக்கி வைக்கும் கன்னத்தையும், நாக்கின் ஓரங்களையும், நாக்கின் அடியையும் பார்த்தல் வேண்டும். இதற்கு ஒரு கைவிளக்கும் கையுறை அணிந்த ஒரு விரலுமே போதும். வெண்படலமோ செம்படலமோ காணப்படினும், மூன்று வாரத்தில் ஆறாத புண் இருப்பினும், சிறு துண்டு எடுத்துச் சோதிக்க அனுப்புதல் கடன்.

நோய் இன்னதெனத் துணிந்த பின்னர் எழுவது, அதனை நோயாளிக்கு எவ்வாறு சொல்வது என்னும் வினா. "அப்பாவுக்குச் சொல்லிப் போடாதேங்கோ, டொக்டர்" என்று பிள்ளைகள் வைத்தியரைத் தனியே அழைத்துக் கேட்பது இங்கு வழக்கம். அன்பினால் எழும் வேண்டுகோள் அது. ஆயினும் கதிர்ச் சிகிச்சைக்குப் பல வாரங்கள் இடைவிடாது வரவேண்டும். காரணம் அறியாதவர், புண் சிறிது வாடியதும் வீட்டோடு நின்றுவிடுவார். எஞ்சிய நோய் மீண்டும் வளரும். இத்தகைய செய்தியைச் சொல்வதற்கென வைத்தியர்களான பெயில், பக்மன் முதலியோர் 2000ஆம் ஆண்டில் ஆறு படிகளைக் கொண்ட முறையொன்றை வெளியிட்டனர். சொல்லத் தொடங்குமுன் நோயாளி தமக்கு என்னவென்று எண்ணியிருக்கிறார் எனக் கேட்டறிவதும், எவ்வளவு அறிய விரும்புகிறார் எனக் கேட்பதும் அவற்றுட் சில. கேட்டுப் பார்த்தால், பிள்ளைகள் மறைக்க முயன்றதைத் தந்தையார் முன்னமே ஊகித்திருப்பதும் உண்டு.

மூன்றாவது பாடம் வலி. நோய் தீராத நிலையிலும் வலியைத் தணிக்கலாம். வாய்வழியாக, நேரம் தவறாது, வலியின் அளவுக்கேற்பப் படிப்படியாக மருந்தை உயர்த்துதல் என்னும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986இல் வகுத்தது. கடும் வலிக்கு மோர்பின் உண்டு. எனினும் எல்லா வலியும் ஒன்றல்ல. உளைவு, குத்து, எரிவு, விறைப்பு என நோயாளி வேறுபடுத்திக் கூறுவது வீண் பேச்சன்று. எரிவும் விறைப்பும் நரம்பு தாக்குண்டதைக் குறிக்கலாம். அதற்கு மோர்பினோடு வேறு மருந்தும் வேண்டியிருக்கும். இச்சொற்களின் வேறுபாட்டை அறியாத இளம் வைத்தியர் நால்வகை வலிக்கும் ஒரே மருந்தை எழுதுவார்.

முன்னாளில் வடபகுதி நோயாளர் கதிர்ச் சிகிச்சைக்காகச் சுமார் 400 கிலோமீற்றர் கடந்து மகரகமைக்குச் செல்ல வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் நெடுஞ்சாலையும் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 2011இல் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்களில் 670 கிலோமீற்றர் தூரம் நடைப்பயணம் நிகழ்த்தி நிதி திரட்டப்பட்டது. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அதற்கு உதவினர். அந்நிதியைக் கொண்டு தெல்லிப்பழையில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் திறக்கப்பட்டது.

தூரம் இவ்வாறு குறைந்தது. ஆயினும் உறைப்புத் தாங்கவில்லை என்ற முதியவரின் வாயை முதல் நாளே ஒருவர் திறந்து பாராவிடின், அவர் அவ்வைத்தியசாலையை அடையும்போது காலம் கடந்துவிடும். ஆதலின் பேராசிரியர் நோயாளியின் கட்டிலருகே மாணவரை நிறுத்தி, இந்நோய்க்கு எத்தனை நிலைகள் என்று வினவுவதற்கு முன், இவர் சொன்னது என்ன என்று வினவுதல் நன்று. அவ்வினாவுக்கு நோயாளியின் சொற்களிலேயே விடை கூறப் பழகிய மாணவரே, நாளை ஏதோ ஒரு கிராமத்து வைத்தியசாலையிலே தனியே இருந்து, புற்றுநோயை அதன் தொடக்கத்திலேயே கண்டறிவார்.