அரசின் உதவிகளும் அலைபேசிச் சாட்பாட்டும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அரசின் நலத்திட்டங்கள் சிற்றூர் மக்களைச் சென்றடைவதற்கு இக்காலக் கணினி எவ்வாறு துணைபுரிகிறது என்பது குறித்துச் சில சொல்ல விழைகிறேன்.

டெல்லியிலிருந்து காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணத்தில் பிவான் என்றொரு வேளாண் கிராமம் உள்ளது. 2023 ஏப்ரலில் அங்கு 'ஜுகல்பந்தி' என்னும் சாட்பாட், அதாவது கேட்டதற்கு விடை கூறும் உரையாடல் செயலி, அறிமுகமாயிற்று. கிராமவாசி தம் மொழியிலேயே வாட்ஸ்அப்பில் எழுதியோ பேசியோ கேட்கலாம். கேள்வி ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டு, திட்டக் குறிப்புகளில் விடை தேடப்பட்டு, மீண்டும் அவர் மொழியிலேயே திரும்பி வரும். மொழிபெயர்க்கும் பணிக்கு உதவியது நம் சென்னை ஐ.ஐ.டி.யின் 'ஏஐ ஃபோர் பாரத்' குழு. தொடக்கத்தில் 10 மொழிகளும் 171 திட்டங்களும் அதில் இடம்பெற்றன. 2023 செப்டம்பரில் மத்திய அரசு, பி.எம். கிசான் நிதி பற்றிய உழவர்களின் ஐயங்களுக்கு 'கிசான் இ-மித்ரா'வைத் தொடங்கியது. ஆந்திர அரசு 2025 ஜனவரியில் 'மன மித்ரா' என்ற பெயரில் 161 சேவைகளை வாட்ஸ்அப்பிலேயே தந்தது.

இவை யாவும் வரவேற்கத்தக்கவையே. ஆயினும் சாட்பாட் கேட்டதற்குத்தான் விடை சொல்லும். கணவனை இழந்த ஒரு சகோதரிக்கு, மாத உதவித்தொகை என ஒன்று உண்டு என்பதே தெரியாவிடில் அவர் எதைக் கேட்பார்? தெரிந்து மனுச் செய்தாலும், இறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார் ஆகிய மூன்றிலும் பெயர் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும். நம் பெயர்களின் நிலை தாங்கள் அறிந்ததே! ஓரிடத்தில் 'முஹம்மது', மற்றோரிடத்தில் 'முகமது', இன்னோரிடத்தில் வெறும் 'மு.' மனு திரும்பி வந்துவிடும். அதனைத் திருத்த, கையில் காகிதத்துடன் தாலுகா அலுவலகப் படியேற ஓர் ஆள் வேண்டும்.

மற்றொன்று. இத்தகைய செயலிகள் சில வேளைகளில் இல்லாததையும் உறுதியான குரலில் கூறிவிடும். வருமான வரம்பு தவறாகச் சொல்லப்பட்டால், தகுதியுள்ளவர் தமக்கு இல்லை என்றெண்ணி விட்டுவிடுவார். அந்த இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஆகவே விடை எதுவாயினும் இ-சேவை மையத்திலோ உரிய அலுவலகத்திலோ கேட்டு உறுதி செய்துகொள்ளுதல் அவசியம். ஆதார் எண்ணையும், அலைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் அறியாத எவரிடமும் தரலாகாது.

எனவே வாரம் இருமுறை, மஃரிபுக்குப் பின் நம் ஜமாஅத் அலுவலகத்தில் பட்டதாரிப் பிள்ளைகள் இருவர் அமர வேண்டுகிறேன். பெண்களுக்கு, மகளிர் மதரஸாவில் ஓர் ஆலிமா பொறுப்பேற்கலாம். சாட்பாட்டிடம் கேட்பதும், விடையைச் சரிபார்ப்பதும், மனு எந்த மேசையில் நிற்கிறது என்று பதிவேட்டில் எழுதி வருவதும் இவர்கள் பணி. மக்கள் தரும் ஆவணங்கள் அமானிதம். நகல் எடுத்தவுடன் மூலத்தைத் திருப்பித் தந்துவிட வேண்டும். செலவு பெரிதன்று: ஓர் அலைபேசி, ஒரு நகலெடுக்கும் இயந்திரம், ஒரு பதிவேடு. வரும் ரமலானுக்கு முன், இன்ஷா அல்லாஹ், இதற்குரியோரின் பெயர்களை நிர்வாகம் அறிவிக்குமாறு கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.