கல்லுக்குள் ஒளிந்த பகை

உப்புநீர்த் தொட்டியில் நாம் இடும் உயிர்ப்பாறை வெறுங்கல் அன்று. அதன் துளைகளில் வாழும் நுண்ணுயிர்கள் நீரைத் தூய்மை செய்கின்றன. அத்துளைகளிலேயே பகையும் குடிபுகுவதுண்டு.

2009-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் நியூகி நகரக் கடற்காட்சியகமொன்றில் பவளங்கள் சிதைந்து கிடந்தன. காரணம் புலப்படாமையால் தொட்டியைப் பாறை பாறையாகக் கலைத்தனர். ஏறக்குறைய 4 அடி நீளப் புழு வெளிப்பட்டது! இளம்பருவத்தில் பாறையோடு வந்திருக்கலாம் எனக் கருதினர்.

ஆதலின் புதிய பாறையைச் சில வாரங்கள் தனித்தொட்டியில் வைத்து, இரவில் செவ்வொளியில் நோக்குதல் வேண்டும். ஐப்டேசியா என்னும் கடற்சாமந்தியை நசுக்கலாகாது. சிறு துணுக்கும் புத்துயிராய் வளரும். செறிந்த சுண்ணாம்புக் கரைசலை ஊசியால் அதன் வாயிற் செலுத்தி அழிப்பர்.

பொறுமையற்ற கை பகையைப் பெருக்கும். பொறுத்து நோக்கும் கண்ணே தொட்டியைக் காக்கும்.