தொட்டில் பிள்ளையின் இரத்தத்தில் எதைத் தேடலாம்?

கொட்டியாரக் குடாவின் கரையோர ஊர்களிலிருந்து கட்டைபறிச்சானில் வந்து கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மாரே, கலியாண வயதில் நிற்கும் தம்பி தங்கையரே!

இந்த மேடைக்கு இன்று வந்திருக்கும் பொருள், பிறந்த பிள்ளையின் குதிக்காலில் எடுக்கும் ஒரு சொட்டு இரத்தம்.

அந்தச் சொட்டின் பெருமையை முதலில் சொல்லிவிட வேண்டும். பிறவியிலேயே தைரொய்ட் சுரப்புக் குறைந்த பிள்ளை, பார்வைக்கு மற்றப் பிள்ளைகளைப் போலவே இருக்கும். கவனிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சி குன்றிவிடும். பிறகு எவ்வளவு மருந்து கொடுத்தாலும் இழந்தது முழுதாகத் திரும்பாது. முதல் இரண்டு வாரத்துக்குள் அந்தச் சொட்டைச் சோதித்துக் கண்டுகொண்டால் தினமும் சிறிது தைரொக்சின் மாத்திரை போதும்; அந்தப் பிள்ளை ஓடியாடும், பள்ளிக்கூடம் போகும், பரீட்சை எழுதும். இலங்கையில் 2010இல் தெற்கே காலியில் தொடங்கிய இந்தப் பரிசோதனை, பின்னர் மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. இதை வேண்டாம் என்று சொல்ல எந்தத் தாய்க்கும் காரணம் இல்லை.

இப்போது விஞ்ஞானம் இன்னொரு வாசலைத் திறந்திருக்கிறது. பிள்ளையின் உடலில் எழுதியிருக்கும் ஏறத்தாழ 300 கோடி மரபணு எழுத்துகளையும் பிறந்தவுடனேயே வாசித்துவிடலாம். இங்கிலாந்தில் ஒரு இலட்சம் பிள்ளைகளின் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து, 200க்கும் மேற்பட்ட அரிய நோய்களைத் தேடும் ஆய்வு நடக்கிறது. பத்தாண்டுக்குள் அங்கே பிறக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைச் செய்வோம் என்று 2025 ஜூன் மாதம் அறிவித்தார்கள். லண்டனில் பிரசவத்துக்குப் போகும் நம் பெண்களிடமும் இதற்கான சம்மதம் கேட்கப்படும் காலம் இது. நாளை கொழும்பிலும் கேட்பார்கள், திருகோணமலையிலும் கேட்பார்கள்.

எதற்குச் சம்மதிப்பது?

2009இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மதுரையிலும் ஹைதராபாத்திலும் உழைத்த விஞ்ஞானிகளின் ஆய்வு. இதயத் தசையைக் கட்டும் ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன குறை, தெற்காசியரில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருப்பதை அது காட்டியது. இலங்கையரிடமும் அது உண்டு. அந்தக் குறை உள்ளவர்களுக்கு நடுவயதுக்குப் பிறகு இதயம் பலவீனப்படும் வாய்ப்பு அதிகம். ஆனாலும் எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. இதைப் பிறந்த மூன்றாம் நாளே ஒரு தாயிடம் சொன்னால் அவள் என்ன செய்வாள்? பிள்ளையை ஓட விடுவாளா? கடலில் நீந்த விடுவாளா? அது பெண் பிள்ளையானால், சம்பந்தம் பேசும் நாளில் அந்தக் காகிதம் எந்த வாயில் எப்படிப் பேசப்படும்? தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு எந்த நோயும் இல்லை. ஆனால் நோயாளி என்ற பெயர் அதற்கு முந்திக்கொண்டு வந்துவிடும்.

எதிர்வாதம் ஒன்றும் உண்டு; அது வலுவானது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 159 பிள்ளைகளின் மரபணுவை வாசித்தார்கள். சிறுவயதில் தாக்கும் நோய்களை மட்டுமே சொல்வது என்பது முதலில் வகுத்த விதி. ஆனால் ஒரு பிள்ளையிடம், வளர்ந்தபின் மார்புப் புற்றுநோய் முதலியவற்றுக்கு வழிவிடும் மரபணு மாற்றம் தென்பட்டது. அத்தகைய மாற்றம் பெரும்பாலும் பெற்றவரிடமிருந்தே வரும். சொன்னால் அந்தப் பெற்றவரின் உயிரைக் காக்கலாமே என்று எண்ணி, விதியையே மாற்றினார்கள். அந்த எண்ணத்தில் கருணை இருக்கிறது. ஆனால் தாயைக் காப்பதுதான் நோக்கமென்றால், தாயிடம் கேட்டு, தாயின் இரத்தத்தைப் பரிசோதிக்கலாம். அவள் வளர்ந்தவள்; ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லத் தெரிந்தவள். அவளுக்காகப் பிள்ளையின் இரகசியத்தைத் திறக்க வேண்டியதில்லை.

எடுத்த இரத்தம் எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், பெற்றோரிடம் கேளாமல் சேமித்து வைத்திருந்த 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் இரத்தப் பொட்டுகளை, 2009இல் பெற்றோர் வழக்குத் தொடுத்த பின்னரே அழிக்க ஒப்புக்கொண்டது. நியூ ஜெர்சியில் ஒரு பிள்ளையின் இரத்தப் பொட்டை வைத்துத் தகப்பனைப் பொலிஸார் தேடிய செய்தி 2022இல் வழக்காக வெளிவந்தது. நோய் பார்க்கக் கொடுத்த இரத்தம் புலனாய்வுக்குப் போயிற்று! பெயர்ப் பட்டியல்களும் பதிவுகளும் மனிதரை என்ன பாடு படுத்தும் என்பதைப் போர்க்காலத்தைக் கடந்த இந்த மண்ணுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், மரபணுத் தரவையும் பிள்ளைகளின் தரவையும் சிறப்பாகக் காக்க வேண்டியவை என்கிறது. அந்தச் சட்டம் ஆஸ்பத்திரி அலுமாரி வரைக்கும் வந்து சேர வேண்டும்.

அவையோரே, நம் வீட்டு வாசலில் நிற்கும் காரியம் வேறொன்று: தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய். இலங்கையில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் அதைக் காவுகிறார்கள். அவர்கள் நோயாளர் அல்லர். ஆனால் காவிகள் இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. கடும் நோய் வந்த பிள்ளை மாதந்தோறும் இரத்தம் ஏற்றித்தான் வாழ வேண்டும். மச்சான் மச்சாள் கலியாணம் வழக்கமான ஊர்களில், ஒரே மரபணுக் குறை இரு பக்கமும் இருக்கும் வாய்ப்பும் கூடுகிறது. இதை அறிய முழு மரபணு வாசிப்பு தேவையில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையில் தொடங்கினால் போதும். அதுவும் விபரம் தெரிந்த வயதில், தானே சம்மதித்துச் செய்துகொள்வது.

ஆகவே எல்லைக்கோட்டை இங்கே போடுவோம். சிறுவயதிலேயே தாக்கும், இன்றைக்கு மருந்தும் இருக்கும் நோய்களைப் பிறந்தவுடன் தேடலாம், தேடத்தான் வேண்டும். மற்றவற்றை அறிவதும் அறியாமல் இருப்பதும் அந்தப் பிள்ளை வளர்ந்து தீர்மானிக்கும் உரிமை. தாய்மாரே, படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் மூன்றைக் கேளுங்கள்: எந்த நோயைத் தேடுகிறீர்கள், கண்டால் மருந்து உண்டா, இரத்தத்தை யார் எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள். தம்பி தங்கையரே, கலியாணம் பேசி முடிப்பதற்கு முன்னரே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தலசீமியாப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.