ஆயர் இல்லாத நாட்டின் மேய்ப்பர்

வட ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகரிலே மூன்றாம் நூற்றாண்டில் சிப்பிரியான் என்னும் ஆயர் வாழ்ந்தார். திருச்சபையின் ஒருமையைப் பற்றி நூல் இயற்றிய இறையியல் அறிஞர் அவர். அந்நகரைக் கொள்ளைநோய் சூறையாடியபோது, தம்மவர்க்குச் செய்யும் நன்மை மட்டும் போதாது, தம்மைப் பகைப்பவர்க்கும் அதனைச் செய்தல் வேண்டும் என்று அவர் போதித்தார். 258ஆம் ஆண்டில் உரோமப் பேரரசின் ஆணையால் தலை வெட்டுண்டு உயிர் துறந்தார்.

பதினான்கு நூற்றாண்டுகள் கழிந்தபின் அப்போதனை கண்டி மலைநாட்டிலே செயலாக மலர்ந்தது. அதனைச் செயலாக்கியவர் ஆயர் அல்லர். அந்நாளில் இலங்கையிலே ஆயரே இல்லை. 1658இல் போர்த்துக்கேயரை வென்று கரைநாட்டைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாரை நாட்டினுள் வரவொட்டாது தடுத்திருந்தனர்.

மேய்ப்பர் இல்லாத மந்தையின் நிலையைக் கோவாவிலிருந்த ஓர் இளங்குரு கேள்வியுற்றார். யோசேவ் வாஸ் என்பது அவர் பெயர். பிறந்தது 1651ஆம் ஆண்டு. 1687இல் ஏழைக் கூலியாள் போல வேடம் பூண்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். செபமாலையைக் கழுத்தில் அணிந்து வீடு வீடாகப் பிச்சை ஏற்றார். அம்மாலையைக் கண்டு முகம் மலர்ந்தவர்களே தம்மவர் என்று அறிந்துகொண்டார். சில்லாலையிலே தங்கி, மறைந்திருந்து தொண்டாற்றினார். பின்னர்ப் புத்தளம் சென்று, 1692இல் கண்டியை நோக்கிப் புறப்பட்டார்.

குருநாகலிலிருந்து கண்டிக்கு ஏறும் சாலையிலே கலகெதர என்னும் ஊர் இருக்கிறது. மலைநாட்டிற்குள் புகும் கணவாய்களுள் அதுவும் ஒன்று. கண்டி அரசர் தம் நாட்டின் வழிகளிலெல்லாம் கடவத்தைகள் அமைத்து அயலாரைக் கண்காணித்த காலம் அது. கோவாவிலிருந்து வந்தவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்ற ஐயம் எழுந்தது. வாஸ் அடிகள் கைதியாக்கப்பட்டார்.

சிறையிருந்த காலத்தையும் அவர் வீணாக்கவில்லை. சிங்களம் கற்றார், சிறு கொட்டில் ஒன்றைக் கட்டி வழிபாடு நடத்தினார். அவருடைய ஒழுக்கத்தைக் கண்ட மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் படிப்படியாக ஐயம் நீங்கினான். அம்மன்னன் பௌத்தத்தைப் பேணியவன். அரக்கானிலிருந்து பிக்குகளை அழைப்பித்துச் சங்கத்தைப் புதுப்பித்தவன். அத்தகையவனே பிற சமயக் குரு ஒருவருக்கும் நிழல் தந்தான் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1697இல் கண்டியைப் பெரியம்மை தாக்கிற்று. இயன்றவரெல்லாம் நகரைவிட்டு அகன்றனர். நோயாளரைப் பெற்றோரும் பிள்ளைகளுமே கைவிட்டு ஓடிய வேளையில், வாஸ் அடிகளும் அவருடைய மருமகனாகிய கர்வாலியோ அடிகளும் அங்கேயே நின்றனர். கைவிடப்பட்டோருக்கு உணவளித்தனர்; புண்களைக் கழுவினர்; இறந்தோரைத் தம் கைகளாலேயே அடக்கம் செய்தனர். இவன் கத்தோலிக்கனா, பௌத்தனா என்று எவரையும் அவர்கள் வினவவில்லை. ஒற்றர் என்று ஐயுற்ற நகரம், தன்னைக் காத்தவர் யாரென்று அன்று கண்டுகொண்டது.

அக்காலத்திலேயே கொச்சி ஆயர் அவரை இலங்கையின் குருமுதல்வராக நியமித்தார். 1705இல் கோவாவிலிருந்து வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள், தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றி அப்பணிக்கு மொழிவளம் சேர்த்தார். தமிழில் அவர் எழுதிய தேவ அருள்வேத புராணம் உரைநடை வளர்ச்சியிலும் இடம்பெற்ற நூலாகும்.

1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் வாஸ் அடிகள் கண்டியிலே காலமானார். அவரை அடக்கிய இடம் இன்று அடையாளம் தெரியாது மறைந்துவிட்டது. ஆயினும் 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இலங்கையின் அப்போஸ்தலர் என்று கத்தோலிக்கர் அவரைப் போற்றுகின்றனர்.

சிப்பிரியானுக்கு ஆயரின் ஆசனம் இருந்தது; வாஸ் அடிகளுக்கோ சிறைக்கொட்டிலே ஆசனமாயிற்று. ஆனால், அஞ்சி ஓடுவோர் நடுவே நின்று, அயலாரையும் தம்மவராய்க் கொள்ளும் அன்பு இருவருக்கும் பொதுவானது. பதவியினால் மேய்ப்பர் தோன்றுவதில்லை; துன்ப வேளையில் நிலைத்து நிற்பதனாலேயே தோன்றுகின்றனர்.