குறைமாதக் குழந்தையின் கண்கள்



34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தை, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தை என்றால், 30 நாளுக்குள் கண்ணின் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். மிகச் சிறிய குழந்தைக்கு அதற்கும் முன்னே. வெளியே ஒன்றும் தெரியாது, கண் பளிச்சென்றுதான் இருக்கும். உள்ளே நோய் முற்றினால் பார்வை போய்விடும்.

நம் சந்திப்பில் ரயிலேறினால் போய்ச் சேரும் பெங்களூரில், நாராயணா நேத்ராலயா கண் மருத்துவமனை 2008-ல் 'கிட்ராப்' திட்டத்தைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் காமிராவுடன் கர்நாடகத்தின் வெளியூர் மருத்துவமனைகளுக்குச் சென்று விழித்திரையைப் படமெடுத்து அனுப்ப, டாக்டர் இருந்த இடத்திலிருந்தே பார்த்துச் சொல்கிறார். படம் பயணம் செய்கிறது. பச்சைக் குழந்தை அலைவதில்லை. (லேசர் சிகிச்சைக்கு மட்டும் ஆள் நேரில் வேண்டும்.)

நம் பாட்டிமார் 40 நாள் குழந்தையை வெளியே விடமாட்டார்கள். அதற்குள் அந்த 30 நாள் கடந்துவிடுகிறதே! மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன் 'கண் பார்த்தாயிற்றா?' என்று கேளுங்கள்.