கணையாழியும் கருத்தொருமையும்

(நம் சங்கத்தின் அம்பத்தூர்க் கிளைக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தை பிறந்துவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய இப்பகுதிகளில் வாழும் நம்மவர் இல்லங்களில் மணப்பேச்சு எழுதல் இயல்பு. ஆதலின், மணவுறுதி நாளில் அணிவிக்கும் மோதிரத்தைத் தெரிந்தெடுக்கும் முறை குறித்துப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தனர். இலக்கணம் கற்பிக்கும் எமக்கு நகைக்கடையில் என்ன வேலை என்று நீங்கள் நகைக்கலாம். நகை என்னும் சொல்லுக்குச் சிரிப்பு, அணிகலன் என இருபொருளும் உண்டாதலின், அந்நகையையும் யாம் அணியாகவே ஏற்கின்றோம்.

நம் முன்னோர் வெற்றிலை பாக்கு மாற்றியே மணத்தை உறுதி செய்தனர். நிச்சயதாம்பூலம் என்னும் பெயரே அதற்குச் சான்று. மோதிரம் மாற்றுதல் பின்னர் வந்து சேர்ந்தது. அதிலும் வைரமே வேண்டும் என்னும் எண்ணம் மிகப் புதியது. 1947-ஆம் ஆண்டில் டி பியர்ஸ் என்னும் வைர வணிக நிறுவனத்திற்காக ஓர் அமெரிக்க விளம்பர எழுத்தாளர் புனைந்த சொற்றொடர் அவ்வெண்ணத்தை உலகெங்கும் பரப்பிற்று. புதிய வழக்கம் தீதென்பது எம் கருத்தன்று. விளம்பரத்தைச் சாத்திரமாகக் கொள்ளற்க என்பதே எம் வேண்டுகோள்.

காப்பியத்தில் வரும் கணையாழியை நினைமின். அனுமன் கொணர்ந்த மோதிரத்தைக் கண்ட சீதை அதன் எடையைக் கேட்டாளில்லை. அஃது இன்னாருடையது என்று அறிந்த மாத்திரத்தில் உயிர் தளிர்த்தாள். அணிந்தவரை அறிவிப்பதே மோதிரத்தின் மாண்பு. அங்ஙனமாயின், அணியப்போகின்றவரை அறியாது மோதிரம் வாங்குதல் முறையாகுமோ?

இவ்விடத்து எம் பிழையொன்றை ஒளியாது கூறல் வேண்டும். எமக்கு அறிமுகமான இல்லமொன்றில் மணவுறுதி நிகழ்ந்தது. மணமகள் இங்குள்ள தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தில் பணிபுரிபவள். மணமகன் வீட்டார், கல் உயர்ந்து நிற்கும் அரைப்பவுன் மோதிரமொன்றை வாங்கினர். அதன் எடையைச் சபையில் உரக்கப் படித்தவர் யாமே. யாவரும் மகிழ்ந்தனர். அவள் விருப்பை யாரும் வினவவில்லை, யாமும் வினவவில்லை.

சுழலும் இயந்திரத்தருகே மோதிரம் அணிதல் விரலையே இழக்கச் செய்யும். எனவே அப்பெண் அதனைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள். வெறுங்கையைக் கண்ட உறவினர் ஒருவர் கோள் மூட்ட, "என் மகன் இட்ட மோதிரம் அவளுக்கு இளப்பமாயிற்றோ?" என்று மணமகனின் தாயார் மனம் நொந்தார். பேச்சு வளர்ந்தது, பின்னர்ப் பேச்சே நின்றது. இறுதியில் மணமகன் தானே சென்று, "உனக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டான். "கல் வேண்டா, விடுமுறை நாளில் அணிய மெல்லிய வளையமொன்று போதும்" என்றாள். மோதிரத்தை மாற்றினர், செய்கூலியும் சேதாரமும் நட்டமாயின. ஒரு வினாவை முன்னரே கேட்டிருப்பின் அந்நட்டமும் இல்லை, மனக்கசப்பும் இல்லை.

ஆகவே இளைஞர்காள்! முதலில் கேண்மின். அவள் நாள்தோறும் அணிவது யாது? மஞ்சட்பொன்னை விரும்புவாளோ, வெண்ணிறத்தையோ? கல் வேண்டுமோ, வேண்டாவோ? கையுறை அணியும் செவிலியர்க்கும், ஓயாது கைத்தொழில் செய்வோர்க்கும் கல் உட்பதிந்த தட்டையான மோதிரமே ஏற்றது. வியப்பளிக்க விரும்பி மறைவாக வாங்குவோரேனும் அவள் தமக்கையையோ தோழியையோ வினவுதல் நன்று. மணமகனுக்கு மோதிரம் இடும் பெண்வீட்டார்க்கும் இதுவே விதி.

அடுத்து, அளவு. வெயிலில் விரல் சற்றுப் பருக்கும், குளிரில் சுருங்கும். விரற்கணுவைத் தாண்டி நுழைதலும் வேண்டும். கை கழுவுங்கால் நழுவாதிருத்தலும் வேண்டும். சகுந்தலையின் மோதிரம் நீர்த்துறையில் நழுவியதால் விளைந்த துன்பத்தைக் காளிதாசன் நாடகம் கூறும். அவளுக்கு மீன் வயிற்றிலிருந்து அது மீண்டது. நமக்கு அவ்வாறு மீளுமென்பது உறுதியன்று.

மூன்றாவது, மாற்று. 22 காரட்டுப் பொன்னில் ஆயிரத்தில் 916 பங்கும், 18 காரட்டில் 750 பங்கும் தூய பொன். 18 காரட்டு உறுதி மிக்கதாதலின் வைரம் பதிக்கப் பெரிதும் அதனையே கொள்வர். 2023 ஏப்ரல் முதல் நாள் தொட்டு, முத்திரை கட்டாயமான நகைகளில் இந்தியத் தர அமைவனத்தின் குறி, தூய்மைக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க அடையாளக் குறி ஆகிய மூன்றும் இருத்தல் வேண்டும். ரசீதில் கல்லின் எடையும் பொன்னின் எடையும் தனித்தனியே எழுதியிருத்தலையும் நோக்குமின். கல்லைப் பொன்விலைக்கு வாங்குதல் பேதைமை.

இறுதியாக, கடன். குற்றமற்ற கல் வேண்டுமென்று தாயின் நகையை அடகு வைப்போரும் நம்மிடையே உளர். நம் அண்மையிலுள்ள திருமுல்லைவாயில் இறைவன் திருப்பெயர் மாசிலாமணி. தொண்டைமானின் வாள் பட்ட வடு அவ்விலிங்கத் திருமேனியில் உண்டென்றும், அதனாலேயே சந்தனக் காப்பு இடுகின்றனர் என்றும் தலவரலாறு கூறும். வடுவுள்ள மேனியையே மாசிலாமணி என்று போற்றியது அன்பு. அன்புள்ள இடத்து எளிய மோதிரமும் குறைவுடையதன்று.

அன்பர்களே! மணவுறுதிச் சபையில் மோதிரத்தின் எடையைப் படிக்கும் வழக்கத்தை நாம் இன்றோடு விடுவோமாக. அன்று படித்த யாமே இதனை முன்மொழிகின்றோம். எடை படிக்குந்தோறும் எளியவன் கடனாளியாகின்றான். அணிபவள் விருப்போ கேட்பாரற்றுப் போகின்றது. இனி நம் இல்லங்களில் மோதிரத்திற்கு முன் ஒரு வினா செல்க. அவ்வினாவே இல்லறத்தின் முதற் கணையாழியாகுக.